வாயும் அளவையும்

வாய்ப்புற்றுநோயில் வாழ்க்கைத் தரத்தை அளப்பது என்றால், சிகிச்சை பெற்றவர் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கிறார் என்று எண்ணுவதோடு நில்லாமல், அந்த ஆண்டுகள் அவருக்கு எப்படிக் கழிகின்றன என்று அவரையே கேட்டு, விடையை எண்ணாக்கிப் பதிவுசெய்வது. உண்பது, விழுங்குவது, பேசுவது, முகத்தோற்றம், வலி, மனநிலை என்று கேள்விகள் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் உண்டு. அறுவை முடிந்து ஓராண்டில் ஒருவருக்கு 67, இன்னொருவருக்கு 83 என்று பதிவேடு சொல்லும். இந்த எண் எதை அளக்கிறது, வாழ்வு அளவுக்கு உட்படும் பொருள்தானா, தன் வாழ்வைப் பற்றி ஒருவர் சொல்லும் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகள் மருத்துவமனையில்தான் பிறந்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் தத்துவத்தின் வாசலிலும் சமயத்தின் வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

2020ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய்க் கணக்கில், உதட்டிலும் வாய்க்குழியிலும் புதிதாகப் புற்று கண்டவர்கள் 3,77,713 பேர். அவர்களில் 1,35,929 பேர் இந்தியர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். புகையிலை, பாக்கு, மது ஆகியவையே முதன்மையான காரணங்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி சொன்னது. தாம்பூலம் மாற்றாமல் கல்யாணம் நிச்சயமாகாத நாட்டில் அந்தச் செய்தி இன்றும் முழுதாக இறங்கவில்லை.

நோய் நாக்கில், கன்னத்தின் உட்புறத்தில், ஈறுகளில், அண்ணத்தில் தொடங்கும். முதன்மைச் சிகிச்சை அறுவை. கட்டியோடு நாக்கில் ஒரு பகுதியோ தாடை எலும்பில் ஒரு துண்டோ போகும். கழுத்தின் நிணநீர்க் கணுக்களும் எடுக்கப்படும். போன இடத்தை முன்கையின் தோலாலோ மார்பின் தசையாலோ காலின் சிறிய எலும்பாலோ கட்டி நிரப்புவார்கள். தேவைப்பட்டால் பிறகு கதிரியக்கச் சிகிச்சை. நோயாளிகள் அதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். அதன்பின் உமிழ்நீர் வற்றும், சுவை மங்கும், வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காமல் இறுகலாம். கழுத்தில் செய்த அறுவையால் தோளைத் தூக்க முடியாமல் போகலாம். சோறு கஞ்சியாகும், கஞ்சி மிக்ஸியில் அடித்த கூழாகும், சிலருக்கு அதுவும் மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் இறங்கும். முகம் மாறிவிடும். இவ்வளவுக்கும் பிறகு அறுவை வெற்றி என்று குறிப்பேடு சொல்லும்போது, வெற்றி என்பதன் பொருள் என்ன என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. வாழ்க்கைத் தர அளவீடு அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் வந்தது.

முதலில் வந்த அளவுகோலில் நோயாளியின் குரலே இல்லை. 1940களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் டேவிட் கார்னோஃப்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற புற்றுநோய் மருந்தைச் சோதித்தபோது ஓர் ஏணியை வகுத்தார்கள். நலமாயிருந்தால் 100, இறந்துவிட்டால் 0, இடையில் பத்துப் பத்தாக இறங்கும் படிகள். எண்ணைப் போடுகிறவர் மருத்துவர். நோயாளி தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா, துணை வேண்டியிருக்கிறதா என்று பார்த்துப் போடுவார். வெளியிலிருந்து பார்க்கக்கூடியதை மட்டும் பார்த்த அளவு அது.

கேள்வித்தாளை நோயாளியின் கையில் கொடுக்கும் வழக்கம் பின்னர் மெல்ல வளர்ந்தது. 1993இல் இரண்டு கேள்வித்தாள்கள் வெளிவந்தன. ஒன்று, புற்றுநோய்க்கான ஐரோப்பிய ஆய்வு அமைப்பின் 30 கேள்விகள் கொண்ட தாள். தலை, கழுத்துப் புற்றுக்கென்று அதற்குத் தனி இணைப்பும் உண்டு. இன்னொன்று சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிறிய தாள். இரண்டாவதன் இன்றைய வடிவத்தில் 12 பொருள்கள் உள்ளன: வலி, தோற்றம், நடமாட்டம், பொழுதுபோக்கு, விழுங்கல், மெல்லல், பேச்சு, தோள், சுவை, உமிழ்நீர், மனநிலை, பதற்றம். மெல்லலுக்கு மூன்றே விடைகள். முன்போலவே மெல்ல முடிந்தால் 100, மென்மையான உணவை மட்டும் மெல்ல முடிந்தால் 50, அதுவும் முடியாவிட்டால் 0. பேச்சுக்குத் தொலைபேசியே உரைகல். அதில் பேசினால் புரிகிறதா, வீட்டாருக்கு மட்டும் புரிகிறதா, யாருக்கும் புரியவில்லையா என்று படிகள் இறங்கும். கடந்த ஏழு நாளில் இவற்றில் எவை உங்களுக்கு முக்கியமாக இருந்தன என்று கேட்டு, அதிகபட்சம் மூன்றைத் தேர்ந்தெடுக்கவும் இந்தத் தாள் சொல்கிறது. ஐரோப்பியத் தாள், குடும்பத்தார் முன் உண்ணச் சங்கடமாக இருக்கிறதா, பிறர் முன் உண்ணச் சங்கடமாக இருக்கிறதா என்று தனித்தனியே கேட்கிறது. கேள்வி எழுதியவர்கள் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பிரிவிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து வருவது கணக்கு. ஐரோப்பியத் தாளின் பெரும்பாலான கேள்விகளுக்கு ‘இல்லவே இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அதிகம்’ என்பது வரை நான்கு விடைகள். அவை 0, 33, 67, 100 என்று சம தூரத்தில் வைக்கப்பட்டு, கூட்டிச் சராசரி காணப்படுகின்றன. அளவைகளை உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் நான்காக வகுத்தார். அவற்றில் ஒன்று வரிசை அளவை. ஓட்டப்பந்தயத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்பது வரிசையை மட்டும் சொல்லும், இடைவெளியைச் சொல்லாது. வலி ‘கொஞ்சம்’ என்பதற்கும் ‘ஓரளவு’ என்பதற்கும் நடுவிலுள்ள தூரமும், ‘ஓரளவு’ என்பதற்கும் ‘மிக அதிகம்’ என்பதற்கும் நடுவிலுள்ள தூரமும் ஒன்றே என்று யாரும் கோல் வைத்துப் பார்க்கவில்லை. கூட்டல் கழித்தல் செய்ய வசதியாக இருப்பதால் அப்படி வைத்துக்கொள்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதில் பிழை இல்லை. பத்துப் புள்ளி வித்தியாசத்தை நோயாளிகள் உணர்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 67 என்ற எண்ணைக் காய்ச்சலின் 101 டிகிரி போலப் படிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழில் சிக்கல் அதற்கு முன்பே, பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ‘வாழ்க்கைத் தரம்’ என்றால் நாளிதழ் படிப்பவருக்கு வீடு, வருமானம், குடிநீர், சாலை. ‘உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி?’ என்று மொழிபெயர்த்த தாள் கேட்டால், நெசவாளி ஒருவர் கூலியை நினைத்து விடை சொல்லக்கூடும். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘தரம்’ என்பது சரக்குக்கு உரிய சொல்லும்கூட: முதல் தரம், இரண்டாம் தரம். நோயாளிகள் தங்களுக்குள் இதைப் பேசும்போது ‘பொழைப்பு எப்படிப் போகுது?’ என்றுதான் பேசுகிறார்கள். அந்தச் சொல்லில் உயிர் பிழைத்ததும் இருக்கிறது, நாளை ஓட்டுவதும் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தது. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழு நலமே ஆரோக்கியம் என்று 1948இல் நடைமுறைக்கு வந்த அதன் அமைப்புச் சட்டம் வரையறுத்திருந்தது. 1990களில் வாழ்க்கைத் தரத்துக்கு அது கொடுத்த வரையறையின்படி, தாம் வாழும் பண்பாடு, மதிப்பீடுகள் ஆகியவற்றுக்குள் நின்று, தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கொண்டு, தம் நிலையை ஒருவர் எப்படிக் காண்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம். ஒரு நாட்டில் தாள் எழுதி மற்ற நாடுகளில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, உலகின் பதினைந்து மையங்களில் ஒரே நேரத்தில் கேள்விகள் உருவாயின. அவற்றில் ஒன்று சென்னை. 100 கேள்விகள் கொண்ட அந்தத் தாளில் ஆன்மிகமும் சமயமும் சொந்த நம்பிக்கையும் ஆறாவது பிரிவாக இடம்பெற்றன. பிறகு அதையே 26 கேள்வியாகச் சுருக்கியபோது அந்தப் பிரிவு மனநலப் பிரிவுக்குள் கரைந்துபோனது. இடம் பற்றாதபோது வீட்டில் முதலில் ஒதுக்கப்படும் சாமான் எதுவென்று பார்த்தால் வீட்டுக்காரரின் மனம் தெரியும். குறையை உணர்ந்தவர்கள் பின்னர் ஆன்மிகத்துக்கென்றே எட்டுக் கூறுகளில் 32 கேள்விகளைச் சேர்த்தார்கள்.

வாய்ப்புற்றில் அந்தப் பிரிவை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கவே முடியாது. ஏனென்றால் வாய் ஒரு சமய உறுப்பு. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது சடங்கு. இறந்தவர் வாயில் அரிசியிடுவதும் சடங்கு. மந்திரம், ஓதல், தொழுகையின் குர்ஆன் வசனங்கள், நற்கருணை அப்பம், கோயில் பிரசாதம் எல்லாம் வாயின் வழியே நடக்கின்றன. தேவாரம் பாடுவதையே வாழ்வாகக் கொண்ட ஓதுவார் ஒருவருக்கு நாக்கின் பாதி போய்விட்டால், ‘பேச்சு’ என்ற பொருளில் அவருக்குக் கிடைக்கும் எண் இழப்பின் நிழலைக்கூடத் தொடாது. நாநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டும் வருடியும் பிறக்கும் ஒலிகளைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துச் சொல்கிறது. அந்த ஒலிகளே நாக்கறுவைக்குப் பின் முதலில் குழறுபவை. ஆனாலும் தொலைபேசியில் புரிகிறது என்ற அளவில் அந்த ஓதுவாருக்கு நல்ல மதிப்பெண்ணே வரக்கூடும்.

இதைவிடக் கூரியது எச்சில் என்ற கருத்து. மேலைநாட்டுத் தாள்களில் உமிழ்நீர் பற்றிய கேள்வி வறட்சியைச் சுற்றியே அமைந்தது. உதடு மூடாமல் எச்சில் வழிவது எல்லா நாட்டிலும் சங்கடம்தான். ஆனால் எச்சிலைத் தீட்டாகக் கொண்டு, குவளையை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுக்கும் வீட்டில் அது சங்கடத்தோடு முடிவதில்லை. அண்ணாந்து குடிக்கவே முடியாத வாயோடு அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய தட்டு தனியாக வைக்கப்படும், பந்தியில் அவர் பின்தங்குவார், பூசை அறைக்குள் போகத் தாமே தயங்குவார். இதோடு பழியும் சேர்கிறது. பாக்குப் போட்டதால் வந்தது என்று ஊர் சொல்லும், பழவினையால் வந்தது என்று வீடு சொல்லும். புகையிலையையே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களுக்கு இரண்டாவது விளக்கம்தான் மிஞ்சுகிறது. குற்றவுணர்வை நேராகக் கேட்கும் கேள்வி மேற்சொன்ன 12 பொருள்களில் இல்லை.

அளத்தல் என்பதைத் தமிழ்ச் சமய மரபு வேறொரு பக்கத்திலிருந்து யோசித்திருக்கிறது. தருக்கத்தில் ‘அளவை’ என்றால் அறிவைத் தரும் வழி, வடமொழியில் பிரமாணம். மணிமேகலையில் சமயக்கணக்கர் வாதங்களைச் சொல்லும் காதை அளவைகளைப் பத்து என்று விரிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றுக்குள் அடக்குகிறது. நேரில் அறிவது காட்சி. புகையைக் கண்டு தீயை உணர்வதுபோல ஊகித்து அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. காட்சியையும் அந்நூல் நான்காகப் பிரிக்கிறது. ஐம்பொறி வழியே வருவது வாயிற்காட்சி. மனத்தின் வழியே வருவது மானதக்காட்சி. தனக்குள் நிகழும் இன்பதுன்பத்தை உயிர் தானே அறிவது தன்வேதனைக் காட்சி. யோகியின் அறிவு யோகக்காட்சி.

இந்தப் பாகுபாடு கேள்வித்தாளின் குழப்பத்தைத் தீர்க்க நன்றாக உதவுகிறது. வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பது மருத்துவருக்கு வாயிற்காட்சி. கார்னோஃப்ஸ்கியின் ஏணி, கண்டதைக் கொண்டு காணாததை ஊகிக்கும் கருதல். நோயாளியின் வலியும் கூச்சமும் அமைதியும் அவருக்கு மட்டுமே தன்வேதனைக் காட்சி. வேறு யாருக்கும் அந்த வாசல் திறப்பதில்லை. அவர் தாளில் ஒரு கட்டத்தைக் குறிக்கும் கணத்தில், அவருடைய காட்சி மற்றவர்களுக்கு உரையாகிறது. ஆகவே 67 என்பது மானியில் பார்த்த அளவு ஆகாது. அது ஒருவர் கொடுத்த சாட்சியம். மருத்துவரும் நோயாளியும் ஒரே வாழ்வுக்குத் தனித்தனியே போடும் மதிப்பெண்கள் ஒத்துப்போவதில்லை என்று 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருவதில் வியப்பில்லை. ஒருவர் கருதுகிறார், மற்றவர் காண்கிறார்.

சாட்சியம் என்று வைத்துக்கொண்டால் அதற்குரிய விதிகளும் கூடவே வரும். சொல்பவர் பொருளை உள்ளபடி அறிந்தவராகவும், அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும் என்பது நியாய மரபின் இலக்கணம். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று வாத்சியாயனர் தம் நியாய சூத்திர உரையில் சொல்லிவைத்தது கவனிக்கத்தக்கது. நம்பகம் பிறப்பால் வருவதில்லை என்று தருக்கம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நடைமுறையில் இந்த இரண்டு நிபந்தனையும் எளிதில் உடைகின்றன. பல வீடுகளில் நோயாளிக்கு நோயின் பெயரே சொல்லப்படுவதில்லை. ‘வாயில் புண், சின்னக் கட்டி’ என்றே முடித்துவிடுவார்கள். தனக்கு என்ன என்று அறியாதவர் எதிர்காலம் குறித்த பதற்றத்துக்கு என்ன எண் கொடுப்பார்? எழுதப் படிக்கத் தெரியாத மாமனாருக்கு மருமகள் கேள்வியைப் படித்துக் காட்டுகிறாள் என்றால், குடும்பத்தோடு பழகச் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா’ என்பதைத் தவிர வேறு விடை வராது. தாம்பத்தியம் பற்றிய கேள்வி படிக்கப்படாமலே தாண்டப்படும். அறுத்தவரே கேட்டால் நன்றிதான் விடையாக வரும். இத்தனைக்கும் நடுவே, நோய் தாக்கியிருப்பது சாட்சி சொல்ல வேண்டிய வாயையே.

சாட்சியம் உண்மை என்று கொண்டாலும், எது நல்ல வாழ்வு என்ற மூலக்கேள்வி நிற்கிறது. பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியான நூலின் பின்னிணைப்பில் இதற்கான விடைகளை மூன்றாகத் தொகுத்தார்: இன்பம் மிகுந்திருப்பது, விரும்பியது நிறைவேறுவது, ஒருவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நல்லவையாக உள்ள சில பொருள்கள் வாய்க்கப்பெறுவது. கேள்வித்தாள்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் மூன்றையும் கலந்துவைத்திருக்கின்றன. வலி முதல் வகை. எது முக்கியம் என்று கேட்பது இரண்டாம் வகை. மெல்லுதல், பேசுதல், தோள் அசைத்தல் மூன்றாம் வகை.

கலவை எங்கே முறிகிறது என்பதைச் சிக்மண்ட் ஃபிராய்டின் வாழ்வில் பார்க்கலாம். 1923இல், 67ஆம் வயதில், அவருக்கு மேல்தாடையில் புற்று கண்டது. அந்த ஆண்டே மேல்தாடையில் பெரும்பகுதி அகற்றப்பட்டது. மூக்கையும் வாயையும் பிரிக்கச் செயற்கைத் தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. அதை அவர் வீட்டில் ‘அரக்கன்’ என்றே அழைத்தார்கள். அடுத்த 16 ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள். பிறர் முன் உண்பதைத் தவிர்த்தார். வலக்காது கேளாமற்போனதால், நோயாளிகள் படுக்கும் சாய்கட்டிலை இடப்பக்கம் மாற்றிக்கொண்டார். 1930இல் கிடைத்த கதே விருதுக்கான உரையை ஃபிராங்க்ஃபர்ட்டில் மகள் அன்னா வாசித்தார். பேச முடியாதவர் சொற்பொழிவுத் தொடர் ஒன்றை எழுதினார். மேடையேறாத அந்தச் சொற்பொழிவுகள் 1933ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தன. சமயத்தை மாயை என்று வாதிட்ட நூலும் இந்த ஆண்டுகளில்தான் வந்தது. சிந்தனை மங்கும் என்று வலிநீக்கிகளைக் கடைசிவரை பெரும்பாலும் மறுத்தார், சுருட்டை விடவில்லை. 1939 செப்டம்பரில், மருத்துவரோடு முன்பே பேசிவைத்திருந்தபடி, மார்ஃபின் ஏற்று இறந்தார். 12 பொருள்களில் பலவற்றில் அவருக்கு மிகக் குறைந்த எண்களே வந்திருக்கும். அந்த 16 ஆண்டுகளின் தரம் குறைவு என்று அந்த எண்களைக் கொண்டு தீர்ப்பளிக்க யாரும் துணியமாட்டார்கள். வலி குறையவில்லை; வலியைவிடப் பெரிதாக அவர் வைத்திருந்த ஒன்று கைவிட்டுப் போகவில்லை.

அதற்கு நேர் எதிர்த்திசையில் ராமகிருஷ்ண பரமஹம்சர். 1885இல் அவருக்கு வந்தது தொண்டைப் புற்று. பேசக்கூடாது என்றார்கள் மருத்துவர்கள்; பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. உணவு இறங்காமல் தவித்தபோது, காளி அன்னையிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று நரேந்திரர் முதலான சீடர்கள் வற்புறுத்தினார்கள். வேண்டிவிட்டு வந்தவர், இத்தனை வாய்களின் வழியே நீ உண்கிறாயே என்று அன்னை சீடர்களைச் சுட்டிக் கேட்டதாகச் சொல்லி வெட்கப்பட்டார் என்பது மரபு. 1886 ஆகஸ்ட் 16இல் மறைந்தார். உணவைப் பற்றிய கேள்விக்கு அவர் 0 என்றுதான் குறிக்க வேண்டும். உண்பவர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டால் தாளில் இடமில்லை.

பெரியவர்களின் கதைகளைக் கொண்டு எளியவர்களின் துன்பத்தை மூடிவிடும் ஆபத்து இங்கே உண்டு. அதனால் சாதாரண நோயாளிகளின் எண்களுக்கே வர வேண்டும். அவை ஒரு விந்தையைக் காட்டுகின்றன. அறுவை முடிந்த வாரங்களில் சரியும் ஒட்டுமொத்த மதிப்பெண், ஓராண்டில் பலருக்கு அறுவைக்கு முந்தைய நிலைக்கு அருகே திரும்பிவிடுகிறது. மெல்லலும் உமிழ்நீரும் திரும்பியிருக்காது. கடும் ஊனமுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் வாழ்வு நன்று அல்லது மிக நன்று என்றதாக 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவுசெய்தது. அதே ஆண்டில் ஸ்பிராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள். நோய் வந்தபின் ஒருவரின் உள் அளவுகோல் மாறுகிறது, எது முக்கியம் என்ற வரிசை மாறுகிறது, நல்ல வாழ்வு என்ற சொல்லின் பொருளே மாறுகிறது. கோலே நீண்டு சுருங்குகிறது என்றால், அந்தக் கோலால் அளந்த முன் எண்ணையும் பின் எண்ணையும் எப்படிக் கழிப்பது? புள்ளியியலாளர்கள் இந்த மாற்றத்தை நீக்க வேண்டிய பிழையாகப் பார்த்தார்கள்.

சமய மரபுகளுக்கு அது பிழையாகத் தோன்றாது; வாழ்நாள் முழுதும் அடைய முயல வேண்டிய முதிர்ச்சி அதுதான். உடலில் தைத்த அம்பையும் அதற்காக மனம் தானே எய்துகொள்ளும் இரண்டாவது அம்பையும் பௌத்தம் பிரித்தது. சூலைநோயால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகைக்கு வந்து பாடியதையும் சைவ மரபு தண்டனைக் கதையாக நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் சைவத்துக்குத் திரும்பிவந்த கதையாகவே வைத்திருக்கிறது. திருக்குறள் இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. இந்தக் கண்ணில், ஓராண்டு கழித்து ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று பாதித் தாடையோடு சொல்பவர் பிழையாக அளக்கவில்லை. அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த அழகான முடிவைக் கேள்விக்குள்ளாக்கியவர்களில் முதன்மையானவர் பொருளியலாளர் அமர்த்தியா சென். அவரே வாய்ப்புற்றிலிருந்து பிழைத்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படிக்கும்போது, 18 வயதில், அண்ணத்தில் ஒரு கட்டியைத் தாமே கண்டு, மருத்துவ நூல்களைப் படித்து, புற்று என்று ஐயுற்று, சோதனையில் அது உறுதிப்பட்டு, கடுமையான கதிரியக்கச் சிகிச்சை பெற்றதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தாழ்ந்துபோன நிலைக்கு மனம் பழகிக்கொள்ளும், பழகியதால் குறை சொல்லாது, குறை சொல்லாததைக் கொண்டு குறையே இல்லை என்று கணக்கிடக் கூடாது என்பது அவர் வாதம். அவர் அடிக்கடி காட்டும் சான்று 1944இல், வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த கணக்கு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நலம் மோசம் அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதமே. அந்த நாளின் வங்கக் கைம்பெண்கள் ஆண்களைவிட நலமாக வாழ்ந்தார்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். குறையைக் குறையாகக் காணும் உரிமையே அவர்களுக்கு இருக்கவில்லை.

முதிர்ச்சிக்கும் பழக்கப்பட்டுப்போன அடக்கத்துக்கும் எண் ஒன்றே. தாளில் இரண்டுமே 83. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்த எண் யாருடைய எந்தக் கேள்விக்கு விடையாகிறது என்று பார்ப்பது. தன் வாழ்வு தனக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு நோயாளியின் சொல்லே முடிவு. அதைத் திருத்த யாருக்கும் உரிமையில்லை. அவருக்கு இன்னும் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு அதே சொல் விடையாகாது. அமைதியோடு இருக்கிறார் என்பதால் அவருக்குப் பல் கட்டாமல் விடுவதும், வாய் திறக்கும் பயிற்சியை நிறுத்துவதும், பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பாமல் இருப்பதும் அந்தச் சாட்சியத்தைத் திருடுவதற்குச் சமம். துறவு ஒருவர் தாமே மேற்கொள்வது. அடுத்தவருக்கு எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டில் அது இடம்பெற முடியாது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. நலமாயிருப்பவர்கள் நோயாளியின் இடத்தில் தங்களைக் கற்பனை செய்து விலை சொல்வது. தொண்டையில் புற்று வந்தால் குரல்வளையை எடுத்து நெடுநாள் வாழ்வீர்களா, குரலைக் காத்து ஆயுளில் சிறிது விட்டுக்கொடுப்பீர்களா என்று 1981இல் ஓர் அமெரிக்க ஆய்வு 37 பேரிடம் கேட்டது. அவர்கள் தீயணைப்பு வீரர்களும் நிறுவன அதிகாரிகளும்; நோயாளிகள் யாருமில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குரலுக்காக ஆயுளை விட்டுக்கொடுக்க இசைந்தார். குரலும் ஒரு விலையுள்ள பொருள் என்று மருத்துவர்களுக்கு உணர்த்தியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் புற்றுநோய் உள்ளவர்களையே கேட்ட பின்னாளைய ஆய்வுகளில், சிறு பயனுக்காகக்கூடக் கடும் சிகிச்சையை ஏற்க நோயாளிகள் மருத்துவர்களைவிடவும் பொதுமக்களைவிடவும் மிக அதிகமாக முன்வந்தார்கள். தரத்தால் எடைபோட்ட ஆயுள் ஆண்டு என்று ஒரு கணக்கு சுகாதாரப் பொருளியலில் உண்டு. அதற்கு எடை தருபவர்கள் பல நாடுகளில் பொதுமக்களே. அரசுப் பணத்தைப் பங்கிட அப்படி ஏதேனும் ஒரு பொதுக்கணக்கு தேவைப்படலாம். ஒரு தனி மனிதரின் ஆண்டு அரை ஆண்டுதான் பெறும் என்று சொல்வதற்கு அது போதிய அளவையைத் தருவதில்லை. அதில் காட்சியும் இல்லை, உரையும் இல்லை, இருப்பது கருதல் மட்டுமே.

சாட்சியத்தைச் சாட்சியமாகவே வாங்கிக்கொள்ள முயன்ற கருவிகளும் இருக்கின்றன. டப்ளினில் சியாரன் ஓ’பாயிலும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் வகுத்த முறையில், கேள்விகள் முன்கூட்டியே எழுதப்படுவதில்லை. உங்கள் வாழ்வில் முக்கியமான ஐந்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு, அவற்றில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவரவரே அளக்கிறார்கள். ஒருவருக்குப் பேத்தி, இன்னொருவருக்கு வயல், மற்றொருவருக்குச் சபரிமலை. இருவரின் எண்களை ஒப்பிட முடியாமல் போவது இதன் குறை. ஒப்பிட வேண்டிய தேவை எந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறது என்று யோசிக்க வைப்பது இதன் பயன். லிவர்பூலில் சைமன் ராஜர்ஸ் குழுவினர் வகுத்த பட்டியல் எண்ணையே விட்டுவிட்டது. மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் நோயாளி, இன்று தான் பேச விரும்பும் விஷயங்களைப் பட்டியலில் குறித்துக்கொள்கிறார். நோய் திரும்பும் என்ற அச்சம், பல், தோள், பணம் ஆகியவற்றோடு சமயமும் ஆன்மிகமும் அதில் உண்டு. குறித்தவற்றை மருத்துவர் எடுத்துப் பேச வேண்டும்.

வாஷிங்டன் தாளும் 12 பொருள்களோடு முடிவதில்லை. அவற்றுக்குப் பின் மூன்று பொதுக்கேள்விகள் வருகின்றன. கடைசியானது, குடும்பம், நண்பர்கள், ஆன்மிகம், ஓய்வு எல்லாவற்றையும் எண்ணிப்பார்த்து மொத்த வாழ்வுக்கு ஒரு படி சொல்லக் கேட்கிறது. அதற்கும் கீழே, மேலே கேட்கப்படாத எதுவும் முக்கியமாக இருந்தால் எழுதுங்கள் என்று சில வெற்று வரிகள் விடப்பட்டிருக்கின்றன. அந்த வரிகளுக்கு மதிப்பெண் கிடையாது. சராசரியில் அவை சேர்வதில்லை. எச்சில் தட்டு, குழறிப்போன பாட்டு, பழவினை பற்றிய பயம், பூசை அறைக்கு வெளியே நிற்கும் தயக்கம் ஆகியவை எழுதப்படுமானால் அங்கேதான் எழுதப்பட வேண்டும்.